கேமராவுக்கு மூடி வேண்டாம்

"மேடம், உங்க குரல் கேட்குது. உங்களைக் காணோம்."

நீதிபதி இப்படிச் சொன்னபோது நான் அவருக்கு நேர் எதிரே கருப்புக் கோட்டும் கவுனும் வெள்ளைக் கழுத்துப்பட்டையுமாக, தலை வாரி, பவுடர் பூசி, முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தேன். எதிரே என்றால் திரையில். அவர் கோர்ட்டில் இருந்தார். நான் இரண்டு தெரு தள்ளி என் ஆபீசில், மாவுக்கட்டுப் போட்ட வலது காலை ஸ்டூலின் மேல் தூக்கி வைத்துக்கொண்டு இருந்தேன்.

"இருக்கேன், யுவர் ஆனர்," என்றேன்.

"இருப்பீங்க. தெரியணுமே," என்றார்.

திரையின் மூலையில் எனக்கென்று ஒரு சின்னக் கட்டம். அதில் என் முகம் இருக்க வேண்டிய இடத்தில் இருட்டு மட்டும் இருந்தது. புத்தம் புது லேப்டாப். வாங்கி நான்கே நாள்.

போன வாரம் இந்தப் பத்தியில், நான் கோர்ட் மாடிப்படியில் என் கவுனை நானே மிதித்து உருண்டதோடு நிறுத்தியிருந்தேன். படித்துவிட்டு நலம் விசாரித்தவர்களுக்கு நன்றி. எண்ணெய் சிபாரிசு செய்த பதினொரு பேருக்கும் சேர்த்துத்தான். கால் இப்போது பரவாயில்லை. ஆனால் அன்றைக்கு அந்தக் கால் ஒரு விஷயமே இல்லை. விஷயம், எனக்குப் பக்கத்தில் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்த அஞ்சலை.

ஷட்டருக்குள் போன தாள்

அஞ்சலைக்குப் புதுப்பட்டினத்தில் ஒரு நாஸ்தா கடை. விடியற்காலை நாலரைக்குத் திறந்து பத்தரை, பதினொன்றுக்கு மூடிவிடுவார். கடலுக்குப் போய்த் திரும்புகிறவர்கள், ஷிப்டு பஸ்ஸைப் பிடிக்கிறவர்கள், மீன் ஏலம் எடுக்க வருகிறவர்கள் என்று எல்லோருக்கும் அவர் இட்லிதான். கணவர் காமாலையில் போய்ச் சேர்ந்து ஒன்பது வருஷம். இரண்டு பெண்களைப் படிக்க வைத்தது அந்தக் கடை.

கட்டடத்துக்காரருக்கு அங்கே ஒரு லாட்ஜ் கட்ட ஆசை வந்தது. காலி செய்யச் சொல்லி வழக்குப் போட்டார். சம்மன் கொண்டு வந்தவர் மத்தியானம் வந்தார். கடை மூடியிருந்தது. இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டு, மூன்றாவது தடவை விதிப்படி கதவில் ஒட்டிவிட்டுப் போனார். அவர் மேல் தப்பு சொல்ல மாட்டேன்.

கதவு என்பது சுருள் ஷட்டர். மறுநாள் இருட்டோடு அஞ்சலை வந்து, பூட்டைத் திறந்து, ஷட்டரை ஒரே தள்ளாகத் தள்ளினார். ஒட்டிய தாள் ஷட்டரோடு மேலே போய்ச் சுருண்டுகொண்டது. தினமும் இருட்டில் மேலே போகும். மூடும்போது கீழே இறங்கும்; இவர் குனிந்து பூட்டில் கண்ணாக இருப்பார். நாலு நாளில் தாள் கிழிந்து, எண்ணெய்ப் புகையில் ஊறி, ஷட்டரோடு ஷட்டராகிவிட்டது.

பிரதிவாதி ஆஜராகவில்லை என்று எழுதி, காலி செய்யும்படி ஒருதலைத் தீர்ப்பு வந்தது. அஞ்சலைக்கு வழக்கு இருப்பது தெரிந்ததே கோர்ட் அமீனா வந்து, "அடுத்த புதன்கெழம சாமான எடுத்துரும்மா, பூட்டப் போறோம்" என்று சொன்ன அன்றைக்குத்தான்.

அந்தத் தீர்ப்பை நிறுத்தி வைக்கச் சொல்லி நான் போட்ட மனு, புதனுக்கு முதல் நாள் செவ்வாய்க்கிழமை விசாரணைக்கு வந்தது. காலைக் காட்டி, வேறு வக்கீலைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அஞ்சலையிடம் சொல்லிப் பார்த்தேன்.

"அவங்களுக்கு இந்த ஷட்டர் கதைய மொதல்லேந்து சொல்லணுமே வக்கீலம்மா," என்றார். "நீ கேக்கறப்பவே ரெண்டு தபா சிரிச்ச."

சிரித்தது உண்மை. அதனால் மாட்டிக்கொண்டேன்.

கண்டக்டர் செய்த உதவி

டாக்டர் சர்டிபிகேட்டோடு மனு கொடுத்ததில், காணொலியில் ஆஜராக நீதிபதி அனுமதித்தார். இரண்டு நிபந்தனை. செல்போனில் வரக்கூடாது. முகம் தெளிவாகத் தெரிய வேண்டும்.

செல்போன் கூடாது என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. அதற்குச் சில வாரம் முன்னால் எங்கள் பாரில், அதாவது வக்கீல் சங்கத்தில், ஒருவர் பஸ்ஸில் வந்துகொண்டே போனில் வாதம் செய்தார். நல்ல வாதம் என்றுதான் சொன்னார்கள். நடுவில் கண்டக்டர் "சார், படிய வுட்டு ஏறு, டிக்கெட்ட எடு" என்றது கோர்ட் முழுக்கக் கேட்டது. முகம் தெரிய வேண்டும் என்பதற்கும் ஒரு வரலாறு உண்டாம். அதை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

ஆபீசில் கம்ப்யூட்டர் இல்லாமல் இல்லை. மேஜையில் ஒன்று இருக்கிறது. ஜெராக்ஸ் கடைக்காரர் ஒருவர் கடையை மூடும்போது தள்ளிவிட்டது. அதன் விசைகளில் எழுத்து அழிந்து பல வருஷம் ஆகிறது. அதில் டைப் அடிக்க உலகத்திலேயே ஒருவரால்தான் முடியும். அவர் என் குமாஸ்தா ஏகாம்பரம். அதற்குக் கேமராவும் கிடையாது, மைக்கும் கிடையாது. மழை நாளில் உயிரும் கிடையாது.

ஆக, இத்தனை வருஷ வக்கீல் தொழிலில் முதல் தடவையாக நான் ஒரு லேப்டாப் வாங்கக் கிளம்பினேன். காலை உடைத்துக்கொண்டு.

ஆளுக்கொரு யோசனை

வக்கீல்களிடம் யோசனை கேட்கக் கூடாது. காசு வாங்காமல் சொல்லும்போது அவர்களுக்கு அளவே தெரியாது.

எடை குறைவாக வாங்கு, ரயிலில் கூட்டத்தில் தூக்க வேண்டும் என்றார் ஒருவர். பேட்டரிதான் முக்கியம், பார் ரூமில் இருக்கும் ஒரே பிளக்கில் எப்போதும் நாலு போன் தொங்கும் என்றார் இன்னொருவர். சட்டம் படிக்கிற மகளுக்கு வாங்கித் தந்த ஒருவர், திரையைத் தொட்டால் வேலை செய்கிற மாதிரி வாங்கு என்றார். மகள் அதில் சட்டம் படிக்கிறாளா என்று கேட்டேன். படம் பார்க்கிறாள், ஆனால் தொட்டால் வேலை செய்கிறது என்றார்.

கூடுவாஞ்சேரியில் என் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு கடை. ஆட்டோவில் போய் இறங்கினேன். ஏகாம்பரம் படாளத்திலிருந்து பஸ் பிடித்து எனக்கு முன்பே வந்து நின்றிருந்தார். கையில் அஞ்சலையின் கேஸ் கட்டு, இரண்டு பச்சைத் தாள், அளவெடுக்க ஒரு டேப்.

கடையில் இருந்த பெண் நல்ல பெண். "கேமிங்குக்கா மேடம், எடிட்டிங்குக்கா?" என்று கேட்டாள்.

"வாய்தாவுக்கு," என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. ஏதோ புது சாப்ட்வேர் என்று நினைத்துக்கொண்டாளோ என்னவோ.

ஏகாம்பரம் வேலையை ஆரம்பித்தார். இடது கையில் கேஸ் கட்டு, வலது கையில் லேப்டாப். கண்ணை மூடி இரண்டையும் நிறுத்திப் பார்த்தார். ஐந்து லேப்டாப்பை இப்படித் தூக்கினார். பிறகு பச்சைத் தாளை எடுத்துத் திரையின் மேல் வைத்தார். மனு அடிக்கும் நீளத் தாள். மேலேயும் கீழேயும் துருத்திக்கொண்டு நின்றது.

"இன்னாம்மா இது, அகலமா கீது? நம்ம பேப்பரு நீட்டமாச்சே. இத்த நட்டுக்கா நிக்க வெச்சா ஓடுமா?"

"நிக்க வெச்சா எப்படிண்ணா டைப் அடிப்பீங்க?" என்றாள் அந்தப் பெண்.

"அத்த நான் பாத்துக்கறேன். ஓடுமா ஓடாதா?"

நான் குறுக்கே புகுந்தேன். எடை, பேட்டரி, நீளம், அகலம் எதுவும் எனக்கு வேண்டாம், கேமரா ஒன்றைக் காட்டு என்றேன். என் முகம் என் முகமாகத் தெரிய வேண்டும். அந்தப் பெண் ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினாள். முதலாவதில் நான் போஸ்ட்மார்ட்டம் முடிந்தவள் போல இருந்தேன். இரண்டாவதில் பத்து வயசு குறைந்திருந்தது. அதுவும் வேண்டாம், அடையாளம் தெரியாமல் போய்விடும். மூன்றாவதில் நான் தெரிந்தேன்.

"இதுல கேமராவுக்கு ஒரு மூடி இருக்கு மேடம். வேணாம்னா இப்படித் தள்ளி மூடிக்கலாம்."

உடனே உஷாரானேன். என்னைப் பற்றி எனக்குத் தெரியும். மூடி என்று ஒன்று இருந்தால், நான் அதை மூடியிருக்கும் நாளில்தான் கேஸைக் கூப்பிடுவார்கள்.

"மூடி இல்லாதது குடும்மா," என்றேன். "எந்த நேரத்துலயும் எதுவும் அந்தக் கேமராவ மறைக்கக் கூடாது."

இந்த வாக்கியத்தை நான் மூன்று தடவை சொன்னதாக ஏகாம்பரம் இன்றுவரை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

மூடி இல்லாத நாலாவதை வாங்கினோம்.

ஆஜர்

லேப்டாப் கதைக்கு நடுவே ஒன்று சொல்ல வேண்டும்.

நான் தொழிலுக்கு வந்த முதல் வருஷம். திருக்கழுக்குன்றத்துப் பள்ளி வாத்தியார் மகள், வீட்டில் இரண்டாவது பெண், மூன்று பேர் கூடினால் பேச்சு வராது. ஒரு நாள் என் கேஸைக் கூப்பிட்டார்கள். நான் கடைசி வரிசையில், நாலு உயரமான வக்கீல்களுக்குப் பின்னால் நின்றிருந்தேன். கையைத் தூக்கினேன். வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. "யாருமில்லை, தள்ளுபடி" என்று எழுதிவிட்டு அடுத்த கட்டை எடுத்துவிட்டார்கள்.

அப்புறம் மனு போட்டு அந்தக் கேஸை மீட்டுவிட்டேன். ஆனால் அன்றைக்கு வீடு போகும் வரை அழுதேன். நான் அங்கேதான் இருந்தேன், என்னை இல்லை என்று எழுதிவிட்டார்கள். தோற்றிருந்தால்கூட அவ்வளவு எரிந்திருக்காது.

அஞ்சலை தன் ஷட்டர் கதையைச் சொன்னபோது நான் சிரித்தேன் என்றேனே, அந்தச் சிரிப்புக்கு அடியில் இதுதான் இருந்தது.

எமகண்டம்

திங்கட்கிழமை எல்லாவற்றையும் சோதித்துப் பார்த்தோம். கோர்ட் ஊழியர் ஒருவர் அழைத்தார், நான் தெரிந்தேன், குரல் கேட்டது. பிரமாதம் என்றார்.

செவ்வாய் காலை ஒன்பது மணிக்கெல்லாம் நாங்கள் மூன்று பேரும் ஆபீசில் ஆஜர். அஞ்சலை கடையை ஏழரைக்கே மூடிவிட்டு, ஒரு தூக்கில் இட்லியும் வடகறியும் கொண்டு வந்திருந்தார். நாளைக்கு இந்நேரம் கடை இருக்குமோ இருக்காதோ என்று அவர் சொல்லவில்லை. இட்லி எத்தனை வைக்கட்டும் என்றுதான் கேட்டார்.

நான் லேப்டாப்பைத் திறக்கப் போனேன். ஏகாம்பரம் தடுத்தார்.

"மேடம், பத்தரை வரைக்கும் எமகண்டம்."

"நேத்தே தொறந்தாச்சே ஏகாம்பரம்!"

"அது டெஸ்டு. இன்னிக்குத்தான் மொத கேஸு. பூச போடாம மொத கேஸு பண்ணா பேஜாராயிடும். அந்தம்மா பொழப்பு கீது இதுல."

ஏகாம்பரத்தைப் பற்றித் தெரிந்தவர்கள் இதில் வாதம் செய்ய மாட்டார்கள். இருபத்தெட்டு வருஷமாக என்னிடம் இருக்கிறார். எங்கள் ஆபீசில் பொட்டு வாங்காத பொருள் கிடையாது. பீரோ, பஞ்சிங் மெஷின், ஸ்டாப்ளர், போன மாசம் வாங்கிய குப்பைக் கூடை, எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் உண்டு. ஒரு கேஸ் தோற்றால், பொட்டு வைக்காமல் விட்டது எது என்று தேடுவார். ஏதாவது ஒன்று கிடைத்துவிடும்.

கோர்ட் தொடங்குவதும் பத்தரைக்குத்தான். சரியாகப் பத்தரைக்கு ஏகாம்பரம் கற்பூரம் ஏற்றினார். லேப்டாப்பைத் திறந்து நிறுத்தி, சந்தனத்தைக் குழைத்து, திரையின் உச்சியில் நட்ட நடுவில், மனுஷனுக்கு நெற்றி இருக்கும் இடமாகப் பார்த்து, அழுத்தி ஒரு பொட்டு வைத்தார். அதன் மேல் குங்குமம். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. மங்களகரமாக இருக்கிறதே என்று நானும் நினைத்தேன். சட்டம் படித்தவள் நான்.

தட்டை என்னிடம் நீட்டினார். நான் எடுத்து இட்டுக்கொண்டேன். அஞ்சலை, யாரும் சொல்லாமலே, இரண்டடி பின்னால் போய்ச் சுவரோடு நின்றுகொண்டார். எனக்குச் சுருக்கென்றது. ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். அதற்குள் லேப்டாப்பில் மணி அடித்துக் கூப்பிட்டது; அஞ்சலை வந்து பக்கத்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

ஐந்து நிமிஷம்

இனி ஆரம்பித்த இடத்துக்கு வருகிறேன்.

"இருப்பீங்க. தெரியணுமே," என்றார் நீதிபதி.

எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார். "யுவர் ஆனர், மனுதாரர் வக்கீல் ஆஜரானதா எடுத்துக்க முடியாது. குரல் யாரோடதா வேணா இருக்கலாம். மனுவைத் தள்ளுபடி பண்ணணும்." அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். ஆனாலும் அந்த நிமிஷம் அவரை அப்படியே சபித்தேன்.

"ஐந்து நிமிஷம் தர்றேன் மேடம்," என்றார் நீதிபதி. "அதுக்குள்ள முகம் தெரியலன்னா, ஆஜராகலன்னுதான் எழுதணும்."

ஆஜராகலன்னு என்ற வார்த்தை காதில் விழுந்ததும் அஞ்சலை என் முழங்கையைப் பிடித்தார். "மறுபடியுமாம்மா?" என்றார்.

கேமரா படம் போட்ட பட்டனைப் பத்து தடவை அமுக்கினேன். ஏகாம்பரம் வயரைப் பிடுங்கிச் சொருகினார். நெட் பெட்டியைத் தட்டினார். லேப்டாப்பின் பின்பக்கம் போய் ஊதினார். இரண்டு நிமிஷம் போனது. கடைக்காரப் பெண்ணுக்குப் போன் போட்டேன்.

"மேடம், கேமரா மேல எதுனா மறைக்குதா பாருங்க."

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. மூடி இல்லாததுதானே வாங்கினேன்!"

"ஸ்கிரீனுக்கு மேல, நடுவுல, சின்னதா ஒரு புள்ளி தெரியுதா?"

பார்த்தேன். "பொட்டு தெரியுது," என்றேன்.

போனைக் கீழே வைத்தேன்.

"தொடைங்க ஏகாம்பரம்!"

ஏகாம்பரம் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். முகம் வெளுத்துவிட்டது. "வெச்ச கையாலயே தொடைக்கச் சொல்றீங்களே மேடம். செவ்வாக்கெழம அதுவுமா. குங்குமம் மேடம்."

சரி, நானே துடைக்கலாம். கையை நீட்டினால் எட்டும் தூரம். இங்கே ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். மேடையில் ஏறினால் சாத்திரம் சடங்கை எல்லாம் கிழித்துத் தோரணம் கட்டுகிறவள் நான். அந்த நேரத்தில் என் கை பாதி வழியில் நின்றுவிட்டது. அன்றைக்குக் காலையில் நெஞ்சு கொஞ்சம் பிடிக்கிறது என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போயிருந்த என் கணவர் ஞாபகம் வந்தது. வெட்கமாக இருக்கிறது. ஆனால் நின்றுவிட்டது.

ஏகாம்பரம் என்னைப் பார்த்தார். நான் ஏகாம்பரத்தைப் பார்த்தேன்.

"தள்ளுங்க," என்றார் அஞ்சலை.

எழுந்து வந்து லேப்டாப் முன்னால் குனிந்தார். "அண்ணாத்த, ஒனக்கும் ஆவாது. வக்கீலம்மாவுக்கும் ஆவாது. எனக்கு இன்னா ஆயிடப் போவுது? என்னுத எட்டுப் பேரு புடிச்சுகினு தொடச்சாங்க, ஒரு ஆளு எங்கிட்ட கேட்டானா?"

கட்டைவிரலை நாக்கில் தொட்டுக்கொண்டு, அழுத்தி ஒரே இழுப்பு. பிறகு முந்தானையால் சுற்றித் துடைத்தார், கல்லாப் பலகையைத் துடைக்கிற மாதிரி.

கட்டத்தில் வெளிச்சம் வந்தது. முகம் தெரிந்தது. என் முகம் அல்ல. கேமராவுக்கு ஒரு சாண் தூரத்தில், கட்டம் முழுக்க அஞ்சலை.

"யாரும்மா நீங்க?" என்றார் நீதிபதி.

அஞ்சலை நகரவில்லை. "நான்தாங்கய்யா அஞ்சலை. புதுப்பட்டினத்துல நாஸ்தா கட வெச்சிருக்கறவ. வர்லன்னு எழுதிட்டீங்களே, அது நான்தான். நான் அங்கதாங்கய்யா இருந்தேன். தெனைக்கும் அங்கதான் கீறேன்."

எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார், பிறகு உட்கார்ந்தார்.

"உட்காருங்கம்மா," என்றார் நீதிபதி. "உங்க வக்கீல் பேசட்டும்."

பேசினேன். ஷட்டரைப் பாதி இறக்கி எடுத்த போட்டோ மனுவோடு இருந்தது. எண்ணெய்ப் பிசுக்குக்கு நடுவில் தாளின் ஒரு மூலை, அதில் பாதி கோர்ட் முத்திரை. நீதிபதி அதைக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். அவருக்கும் லேசாகச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். தீர்ப்பை நிறைவேற்ற இடைக்காலத் தடை. எதிர்த்தரப்பு பதில் போட வாய்தா. அமீனா புதன்கிழமை வேறு வேலை பார்க்கலாம்.

கோர்ட் இணைப்பு போவதற்கு முன்பே ஏகாம்பரம் கும்பிட்டுவிட்டார். யாரை என்று கேட்கவில்லை. எனக்குக் கண் கலங்கியது, அது கற்பூரப் புகை என்று சொல்லிக்கொண்டேன்.

அஞ்சலை தூக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினார். வேர்த்திருந்தது. குனிந்து பேசும்போது முகத்தில் விழுந்த முடியை அந்தக் கட்டைவிரலாலேயே ஒதுக்கியிருக்கிறார் போல. நெற்றியில், இரண்டு புருவத்துக்கும் சற்று மேலே, சிவப்பாக ஒரு தீற்று.

ஏகாம்பரம்தான் முதலில் பார்த்தார். அவருக்குச் சொல்லவும் முடியவில்லை, சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை. "அஞ்சலம்மா, நெத்தில... குங்குமம் ஒட்டிகினு கீது," என்றார்.

லேப்டாப் இன்னும் திறந்தேதான் இருந்தது. கோர்ட் போய்விட்டாலும் கேமரா ஓடிக்கொண்டிருந்தது. அஞ்சலை குனிந்து அதில் தன்னைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். முந்தானை நுனியைக் கையில் எடுத்தார்.

பிறகு விட்டுவிட்டார்.

"கெடக்கட்டும்ணா," என்றார். "போய் மாவு ஆட்டணும்."

நான் நொண்டிக்கொண்டே ஜன்னலுக்குப் போனேன். அவர் அப்படியேதான் தெருவைத் தாண்டி பஸ் ஸ்டாண்டுக்குப் போனார்.